மாடல் 7 நாள் என்கிறது, பக்கத்து வயல்காரர் 12 நாள் என்கிறார்

கேள்வி: தாளடி (இரண்டாம் போக நெல்) அறுத்த களிமண் வயலில் போர் தண்ணீரை நம்பி மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். மகன் அக்வாகிராப் என்ற, பயிருக்கு நீர் கணக்கிடும் கணினி மாடலில் பார்த்து 7 நாளுக்கு ஒரு தண்ணீர் என்கிறான். பக்கத்து வயல்காரர் 12 நாள் தாங்கும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? – மன்னார்குடி பகுதி விவசாயி

பதில்: ஐயா, 7 நாளுக்கு ஒன்று என்று உடனே பாய்ச்சிவிடாதீர்கள். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் மக்காச்சோளத்துக்கு வேர் மூச்சுத் திணறும், அடி இலை மஞ்சளாகும்.

அக்வாகிராப் நல்ல மாடல்தான். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2009-ல் வெளியிட்டது, இலவசம். வறண்ட பகுதிகளில் இருக்கிற கொஞ்ச தண்ணீரை எந்தப் பருவத்தில் கொடுத்தால் மகசூல் நிற்கும் என்று பார்க்கப் பெரிதும் உதவுகிறது. ஆனால் நம் மண்ணை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன், தம்பி, மண் வகையை மணல் கலந்த வண்டல் என்று கொடுத்திருப்பாரோ என்று சந்தேகப்படுகிறேன். கணக்கைப் பாருங்கள். அந்த மண் 1 மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கும்படி சுமார் 120 மி.மீ. நீர் பிடிக்கும். வேர் 60 செ.மீ. என்றால் 72 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்ச வேண்டும். பயிர் நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் 7 நாள். களிமண் சுமார் 150 மி.மீ. பிடிக்கும், அதே கணக்கில் 9 நாள். தாளடிக்குப் பின் அடிமண் ஈரமும் இருக்கும். நிலத்தடி நீர் நாலைந்து அடியில் நின்றால் கீழிருந்தும் ஈரம் ஏறும், அதனால் நாள் இன்னும் கூடும். இந்த இரண்டையும் மாடலில் பதியலாம், பதியச் சொல்லுங்கள். மண் வகை தெரியாவிட்டால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

திருத்திய பிறகும் மண்ணைத் தொட்டுப் பார்த்தே மோட்டார் போடுங்கள். செடி ஓரம் ஒரு அடி தோண்டி ஒரு பிடி மண் எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகி, விரலில் நசுக்கினால் நாடாவாக நீண்டால் இன்னும் பொறுக்கலாம். உருண்டை பிளந்து உதிர்ந்தால் அன்றே பாய்ச்சுங்கள். கோடை மழை பெய்தால் அளவைத் தம்பி அன்றே மாடலில் ஏற்றட்டும்.

ஆண் பூ விரிந்து கதிர் முடி வெளிவரும் இரண்டு வாரம் மட்டும் 12 நாள் பேச்சே வேண்டாம். அப்போது காய்ந்தால் மணி பிடிக்காது, பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் திரும்பாது. போர் தண்ணீர் குறைவு என்றால் இளம்பருவத்தில் இழுத்துப் பிடித்து, அந்த இரண்டு வாரத்துக்கு வையுங்கள்.