மீனுக்குள் ஒரு மீனவர்

கேள்வி: போனில் ஒரு வீடியோ வந்தது. ஆப்பிரிக்காவில் எங்கோ, பெரிய சிவப்பு மீன் மாதிரி செய்த சவப்பெட்டியைத் தோளில் வைத்து ஆடிக்கொண்டே போகிறார்கள். இது நிஜமா? செத்தவரைக் கேலி செய்கிற மாதிரி இருக்கிறதே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிஜம்தான் அம்மா. கானா நாட்டின் தலைநகர் அக்ராவிலும் அதை ஒட்டிய கடற்கரை ஊர்களிலும் வாழும் கா இன மக்களின் வழக்கம் அது. கேலி துளியும் கிடையாது. மீன் பெட்டியில் போகிறவர் அநேகமாகக் கடலுக்குப் போனவராகவோ மீன் விற்றவராகவோ இருப்பார். கோகோ விவசாயிக்குக் கோகோ காய், வெங்காயம் பயிரிட்டவருக்கு வெங்காயம், வண்டி ஓட்டிப் பிழைத்தவருக்கு வண்டி. பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கிய அம்மாவுக்குத் தாய்க்கோழி. அந்தக் கோழிப் பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்: கோழியை ஒட்டிக் குஞ்சுகள், அதன் முதுகுதான் மூடி, அதைத் திறந்தால் உள்ளே துணி விரித்த படுக்கை. இதைவிட ஒரு தாய்க்கு என்ன மரியாதை செய்துவிட முடியும், சொல்லுங்கள்? கா மொழியில் இதற்கு ‘அபெபூ அடேகாய்’ என்று பெயர், பழமொழிப் பெட்டி என்று அர்த்தம். போனவர் இப்போது முன்னோராகிவிட்டார், அங்கேயும் தன் தொழிலோடு வாழ்வார், இங்கிருப்பவர்களையும் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள். அதனால்தான் அழுகையோடு ஆட்டமும் சேர்ந்து வருகிறது.

கேள்வி: இதை யார் ஆரம்பித்தது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தெஷி என்ற ஊரில் சேத் கேன் க்வே என்று ஒரு தச்சர் இருந்தார். 1951-ல் அவருடைய பாட்டி இறந்துபோனார். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாத அந்தப் பாட்டிக்கு, அக்ரா விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்களைப் பார்ப்பதில் அவ்வளவு ஆசையாம், பேரன் விமான வடிவத்திலேயே பெட்டி செய்து வழியனுப்பிவைத்தார். எல்லோரும் சொல்லும் கதை இது. ஆனால் லா என்ற பக்கத்து ஊரில் அட்டா ஓகோ என்பவர் 1945 வாக்கிலேயே இப்படிப்பட்ட பெட்டிகள் செய்திருக்கிறார். அதற்கும் முன்னால், தலைவர்களைத் தூக்கிச் செல்லும் பல்லக்குகளைத் தங்கள் குலச் சின்னத்தின் வடிவில் செய்யும் பழக்கம் இருந்தது. சரி, முதல் ஆள் யார் என்ற வழக்கு இருக்கட்டும், பல்லக்கிலிருந்து பெட்டி பிறந்தது என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: பிடித்த உருவம் எதுவானாலும் செய்துகொள்ளலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: முடியாது. சிங்கம், கழுகு எல்லாம் தலைவர்களுக்கு உரியவை. சில சர்ச்சுகளில் இப்படி உருவம் செய்த பெட்டிகளையே உள்ளே விடமாட்டார்கள், பைபிள் வடிவம் என்றால் அனுமதி உண்டு.

கேள்வி: வாரக்கணக்கில் உழைத்துச் செய்து ஒரே நாளில் புதைப்பது வீண் செலவுதானே?
– வாசகி, ஆம்பூர்

பதில்: செலவு பெரியதுதான், உறவுக்காரர்கள் எல்லோரும் பங்குபோட்டுத்தான் சமாளிக்கிறார்கள். 1989-ல் பாரிஸில் நடந்த பெரிய கலைக் கண்காட்சியில் கேன் க்வேயின் பெட்டிகள் இடம்பெற்றன. அவரிடம் தொழில் கற்ற பா ஜோ செய்த கழுகுப் பெட்டி லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஆனால் மியூசியத்துக்குப் போகிற பெட்டிக்குத்தான் காலத்துக்கும் நிற்கிற கெட்டி மரம், புதைக்கிற பெட்டிக்கு வாவா என்ற லேசான மரம், அது சீக்கிரம் மக்கிவிடும். வீண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை அம்மா. மறுநாள் யார் கண்ணிலும் படாது என்று தெரிந்தும், அந்த மீனுக்குச் செதில் செதிலாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள்.