ரோமில் ஒரு சினிமா உலா

கேள்வி: ஆகஸ்டில் ரோம் போகிறோம். ‘ரோமன் ஹாலிடே’ (1953) எடுத்த இடங்களைப் பார்க்க முடியுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. முதலில் ‘சத்திய வாய்’. சாந்தா மரியா இன் காஸ்மெடின் தேவாலய முகப்பில் இருக்கும் வட்டமான பளிங்கு முகம். பொய்யர் அதன் வாய்க்குள் கையை விட்டால் கடித்துவிடும் என்பார்கள். படத்தின் நாயகன் கிரிகரி பெக், கை கடிபட்டதுபோல் அதைக் கோட்டுக் கைக்குள் இழுத்துக்கொள்ள, நாயகி ஆட்ரி ஹெப்பர்ன் அலறினாரே, அது நிஜ அலறல். அவரிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை! படத்தில் எனக்கு உயிரான காட்சி அதுதான். திறக்கும்போதே போய்விடுங்கள், வரிசை நீளும். அப்புறம் ‘ஸ்பானியப் படிகள்’ என்ற பெரிய படிக்கட்டு. ஆட்ரி மாதிரி ஐஸ்கிரீமோடு உட்கார ஆசை வரும். ஆனால் 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம். பக்கத்திலேயே மார்குத்தா தெரு, 51ஆம் எண்: கதாநாயகன் வீடு. மக்கள் குடியிருக்கும் இடம், சத்தம் போடாமல் பாருங்கள்.