உதட்டுக்குள் ஒரு பொட்டலம்: பதின்பருவப் போதை பற்றிய கேள்விகளுக்கு மதுரை மனநல மருத்துவர் பதில்

மேலூரிலிருந்து ஒரு விவசாயி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கிறான். "வளர்ந்தால் தானே விட்டுவிடுவான்" என்கிறார் என் அண்ணன். விட்டுப்பிடிக்கலாமா?

வேண்டாம் ஐயா. கண்மாய்ப் பாசனம் செய்யும் உங்களுக்கு இது எளிதில் புரியும். பதின்பருவத்தில் இன்பத்தைத் தேடும் மூளைப்பகுதிகளில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் வேகம் அதிகம். அதை அடக்கி, அளவாக விடும் மடை, நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணி. அது முழுதாக அமைய ஏறக்குறைய 25 வயதாகிறது. உங்கள் மகனுக்குக் கண்மாய் நிறைந்துவிட்டது, மடைக்கு இன்னும் ஷட்டர் மாட்டவில்லை. போதாததற்கு, அடிக்கடி பயன்படும் நரம்பிணைப்புகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூளை கழித்துக்கட்டும் வயதும் இதுதான். புகையிலையில் உள்ள நிகோடின் தினமும் போனால் அந்த வாய்க்கால்தான் ஆழமாகும்.

மதுவைப் பற்றி 1990களில் அமெரிக்காவில் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் பின்னாளில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் லாபம்தான்.

செல்லூரிலிருந்து ஒரு தாய்: என் கணவர் குடித்துவிட்டு என்னை அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் என் மகன். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. 17 வயதில் இவனும் குடிக்கிறான். ரத்தத்தில் ஊறியதா டாக்டர்?

மரபுக்குப் பங்கு உண்டம்மா. ஆனால் அவன் பார்த்து வளர்ந்தது சிறிய விஷயம் இல்லை. ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் சான் டியாகோவில் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. அடி, வசவு, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்ப்பது போன்ற துன்பங்களில் நான்கு அல்லது அதற்கு மேல் பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு கூடியிருந்தது.

இரவில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் விழித்துக்கொண்ட பிள்ளையின் உடம்பு, அப்பா போன பிறகும் விழித்தே இருக்கிறது. முதல் முறை குடித்தபோதுதான் அது அடங்கியிருக்கும். "ஏன் குடிக்கிறாய்" என்று கேட்காதீர்கள். "குடித்தால் எது அடங்குகிறது" என்று கேளுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். இதே துன்பத்தில் வளர்ந்தும் போதைக்குப் போகாதவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு, கத்தாமல் காது கொடுத்த பெரியவர் ஒருவராவது இருந்திருக்கிறார்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாய்மாமன்: நாலு அடி கொடுத்தால் திருந்தமாட்டானா?

மாட்டான். மறைக்கக் கற்றுக்கொள்வான்.

திருமங்கலத்திலிருந்து ஓர் அக்கா: சிகிச்சைக்கு அழைத்துப் போனால் பள்ளியில் தெரிந்து தம்பிக்கு டி.சி. கொடுத்துவிடுவார்களோ?

நாங்கள் பள்ளிக்குச் சொல்ல மாட்டோம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி எங்கள் கடமை. அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அதற்கும் தயக்கமாக இருந்தால் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் முதலில் நீங்கள் மட்டும் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். எது நடந்தாலும் அவன் படிப்பை நிறுத்திவிடாதீர்கள் அம்மா.