உபுண்டு கணினியில் ஹெட்போன் செருகியிருந்தால் பின்பக்க ஸ்பீக்கர் ஊமையாகிறதா?

ஆல்சாமிக்சர் (alsamixer) என்ற ஒலி அமைப்புக் கருவியில் ‘ஆட்டோ-மியூட் மோட்’ என்பதை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள். ஹெட்போனைப் பிடுங்காமலே பின்பக்க ஸ்பீக்கர் பேசும்.

முன்பக்க ஜாக்கில் ஹெட்போன் நுழைந்ததும் சவுண்டு கார்டின் டிரைவரே லைன் அவுட்டை, அதாவது பின்பக்க ஸ்பீக்கருக்கான வழியை, அடைத்துவிடுகிறது. அதனால்தான் உபுண்டுவில் ஒலியளவு 100% காட்டியும் சத்தமில்லை. மறுநிறுவல் வீண் வேலை.

1. டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்டு கார்டைத் தேர்ந்தெடுங்கள். முதலில் வரும் ‘டீஃபால்ட்’ திரையில் இந்த அமைப்பு தெரியாது. பலரும் அங்கேதான் திணறுகிறார்கள்.

2. வலது அம்புக்குறியால் கடைசிவரை நகர்ந்து, ‘ஆட்டோ-மியூட் மோட்’ வந்ததும் மேல்-கீழ் அம்பால் மாற்றுங்கள். லைன் அவுட் பட்டையின் அடியில் ‘எம்எம்’ (ஊமை நிலை) இருந்தால் எம் விசையைத் தட்டுங்கள்.

அப்போதும் ஊமையென்றால், பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியில் ‘அவுட்புட் டிவைசஸ்’ தாவலுக்குப் போய் போர்ட்டை லைன் அவுட்டாக மாற்றிப் பாருங்கள்.

ஒன்று: சில கார்டுகளில் இதற்குப்பின் ஸ்பீக்கர், ஹெட்போன் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும். நள்ளிரவில் கவனம்.