ஜேர்மன் படிப்போர் கேள்வி-பதில்: ஒரே மாதிரித் தெரியும் சொற்கள்

வன்னியிலிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஏ1 என்ற ஆரம்பநிலை ஜேர்மன் மொழிப் பரீட்சையைப் பற்றியவை. வாழ்க்கைத்துணையிடம் ஜேர்மனிக்குப் போவதற்கு 2007 முதல் அடிப்படை மொழியறிவு கேட்கிறார்களே.

'ஷோன்' என்றால் ஏற்கெனவே. அதே ஓ மேல் இரண்டு புள்ளி வைத்தால் அழகு. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறது. (மல்லாவி)

புள்ளியை அலங்காரம் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. அது வேறு உயிரெழுத்து. 'ஏ' என்று இழுத்துச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஓ' போலக் குவியுங்கள். வருகிற சத்தம்தான் அது. கண்ணாடி முன் நின்று பழகினால் உதடு தளர்வது உடனே தெரியும். யூ மேல் புள்ளி வந்தால் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' ஆக்குங்கள். அப்போதுதான் கேக் ஆகிய 'கூஹன்' வேறு, புள்ளி வைத்த யூவோடு வரும் சமையலறைச் சொல் வேறு என்று பிரியும். அந்தச் சமையலறைச் சொல்லும், போர்த்துக்கேயரிடம் நாம் எடுத்த 'குசினி'யும் ஒரே லத்தீன் வேர்தான். இனி மறக்காது.

மீட்டெ, மிட்டெ, லீட், லைட். எழுத்தைப் பார்த்து எப்படிப் பிரிப்பது? (மாங்குளம்)

படத்துக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரிந்த காது நம்முடையது, பயப்படாதீர்கள். ஒரே மெய் இரண்டு தரம் வந்தால் முன்னுள்ள உயிர் குறில்: மிட்டெ, நடு. ஐ எழுத்தும் ஈ எழுத்தும் சேர்ந்து வந்தால், இரண்டாவதாக நிற்கும் எழுத்தின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுங்கள், உச்சரிப்பு வந்துவிடும். மீட்டெ வாடகை, லீட் பாட்டு, லைட் துன்பம்.

சுவிஸ் அண்ணா 'தெரு'வுக்கு இரண்டு எஸ் போடுகிறார். புத்தகத்தில் பி மாதிரி ஓர் எழுத்து. யார் சரி? (புதுக்குடியிருப்பு)

இருவரும் சரி. சுவிஸில் அந்த எழுத்து புழக்கத்தில் இல்லை. ஜேர்மனியில் நெடிலுக்கோ 'ஐ', 'ஔ' போன்ற ஒலிக்கோ பின்னால் அந்த எழுத்து, குறிலுக்குப் பின்னால் இரண்டு எஸ். 1996இன் எழுத்துச் சீர்திருத்தம் இதை ஒழுங்காக்கியது. 'இன் மாஸன்' குடித்தால் அளவோடு, 'இன் மஸ்ஸன்' என்றால் அளவில்லாமல்! சுவிஸ்காரர் இரண்டையும் ஒரே மாதிரி எழுதி, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். பரீட்சைக்கு நீங்கள் புத்தகத்தையே பின்பற்றுங்கள்.

'ஸே' குளமா, கடலா? (முல்லைத்தீவு)

இரண்டும்தான். முன்னால் நின்று சொல்லின் பாலைக் காட்டும் 'டேர்' (ஆண்பால்), 'டீ' (பெண்பால்) பிரித்துக் காட்டும். இரணைமடு 'டேர் ஸே', உங்கள் ஊர்க் கடல் 'டீ ஸே'. 'லைட்டர்' என்பதும் அப்படியே: 'டேர்' வந்தால் தலைவர், 'டீ' வந்தால் ஏணி. ஆகவே சொல்லைத் தனியாகப் பாடமாக்கவே கூடாது. இன்னொன்று, வேற்றுமையில் 'டீ'யும் 'டேர்' ஆகும்: 'ஆன் டேர் ஸே' கடலோரம். குளக்கரை என்றால் 'ஆம் ஸே'.