யாருக்குக் கணக்கெழுதப் போகிறாய்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு தனியார் வங்கியின் சிறுதொழில் கடன் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். இந்த மாத இலக்கு, வராத தவணை என்பதிலேயே நாள் போய்விடுகிறது. என் வேலையால் யாருக்கு என்ன நன்மை என்ற கேள்வி தூங்கவிடுவதில்லை. கோபிக்கு அருகில், விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் எங்கள் ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதன்மைச் செயல் அலுவலராக வரும்படி அழைக்கிறார்கள். சம்பளம் 25,000 ரூபாய். இப்போது வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. "வேலையிலேயே இருந்துகொண்டு மாதாமாதம் ஒரு தொகையை நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாமே" என்கிறார் கணவர். மஞ்சள் விவசாயியான அப்பாவோ, "ஏன் அம்மணி, கெடச்ச உத்தியோகத்த விட்டுப்போட்டு யாருக்குக் கணக்கெழுதப் போறே?" என்று கேட்டதோடு சரி, அப்புறம் பேச்சே இல்லை. நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் அப்பா கேட்டது கோபத்தில் கேட்ட கேள்வியாக இருக்கலாம், ஆனாலும் முடிவெடுப்பதற்கு முன் நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதத்தில், ஈரோடு மாவட்டத்தில் இப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பழைய நெல் கிடங்கின் ஒரு மூலைதான் அலுவலகம். இயக்குநர்களில் மூத்தவர் மூட்டையிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடித்து, அந்த ஓசையை வைத்தே, இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டும் என்று சொன்னார். நன்றாகக் காய்ந்த மஞ்சள் ஒடியும்போது உலோகத்தைத் தட்டியதுபோல ஒலிக்கும். அவருடைய காது அதில் தப்பாது. ஆனால் கிடங்கில் எத்தனை மூட்டை, யாருடையது, என்றைக்கு வந்தது என்று வங்கி நம்பும்படி ஒரு இருப்புப் பட்டியல் எழுதித்தர அங்கே ஆளில்லை. கடன் விண்ணப்பம் மூன்று முறை திரும்பியிருந்தது. வியாபாரிகளின் பாக்கி எழுதிய நோட்டில் தொகை இருந்தது, தேதி இல்லை.

இதன் விளைவு விவசாயியின் விலையில் தெரியும். தை, மாசியில் அறுவடையாகும் மஞ்சளை வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி முடிப்பதற்குள் பயிர்க்கடனும் நகைக்கடனும் கழுத்தை நெரிக்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். விலை சரியும்போது விற்காமல் காத்திருக்கக் கையில் காசுள்ளவர்களால் மட்டுமே முடியும். கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவுபெற்ற கிடங்கில் சரக்கை வைத்து, அந்த ரசீதின் பேரில் கடன் வாங்கிக்கொண்டு, விலை தேறும்வரை பொறுத்திருக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த வழியில் விவசாயிகளை அழைத்துச் செல்ல, ஒரு கடன் கோப்பை வங்கி எந்தக் கண்ணோடு பார்க்கும் என்று அறிந்தவர் வேண்டும். ஒன்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்த நீங்கள் அதை அறிவீர்கள். ஆகவே நிதித்துறையை விட்டுப் போகிறோம் என்று எண்ண வேண்டாம். கற்றதை மேசையின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கணவர் சொல்வதும் மதிக்கத்தக்க வழியே. ஒரு நல்ல மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ ஆண்டுதோறும் தவறாமல் கொடுப்பவர்களால் நடக்கும் காரியங்கள் ஏராளம். பலருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் உங்களை அழைப்பவர்களுக்கு இப்போது பணத்தைவிடப் பெரிய பஞ்சம் ஆள் பஞ்சம். நீங்கள் அனுப்பும் தொகையால் அந்த இருப்புப் பட்டியலை எழுதிவிட முடியாது.

இருந்தாலும், ஆர்வத்தில் உடனே ராஜினாமாக் கடிதம் எழுதிவிடாதீர்கள். 2020இல் தொடங்கிய, பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டத்தில், ஓர் அமைப்பின் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் தருகிறார்கள். செயல் அலுவலர் சம்பளத்துக்கான உச்சவரம்பு மாதம் 25,000. உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையும் அதுவே என்பதால், அந்த நிறுவனம் இத்திட்டத்தில் உள்ளதா, இது எத்தனையாவது ஆண்டு என்று முதலில் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிந்தபின் உங்கள் சம்பளம் வியாபார லாபத்திலிருந்துதான் வர வேண்டும். உரம், விதை விற்பதில் கிடைக்கும் மெல்லிய லாபத்தை மட்டும் நம்பியிருந்தால் அது வராது. இன்னொன்று: உற்பத்தியாளர் நிறுவனத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு. வங்கியில் மேலாளர் சொன்னால் நடந்துவிடும். இங்கே ஒரு முடிவுக்கு நான்கு கூட்டம் ஆகும், அதில் இரண்டு வாய்க்கால் தகராறில் போகும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் நீங்கள் இருந்தால், பத்து ஆண்டுப் பணி நிறைந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். உங்களுக்கு ஒன்பது முடிந்திருக்கிறது. ஆகவே இன்னும் ஓராண்டு வங்கியிலேயே இருந்துவிடுங்கள். வைப்பு நிதியைக் கைவைக்காமல் விடுங்கள். அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் குடும்பத்துக்குத் தனிக் காப்பீடு இப்போதே எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கும். வீட்டுக்கடன் இருந்தால், 25,000 ரூபாயோடு கணவர் சம்பளத்தைச் சேர்த்துத் தவணை கட்ட முடிகிறதா என்று ஆறு மாதம் அப்படியே வாழ்ந்து பாருங்கள். மிச்சப்படும் பணம் அவசரத்துக்கு ஆகும்.

அந்த ஓராண்டையும் வீணாக்க வேண்டாம். வங்கியின் அனுமதி பெற்று, சனி, ஞாயிறுகளில் ஊதியமின்றி அந்த நிறுவனத்தின் கணக்கில் உட்காருங்கள். தை முதல் பங்குனிவரை ஒரு மஞ்சள் பருவத்தை முழுதாகக் கூட இருந்து பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. நிறுவனத்தின் கடந்த இரண்டு ஆண்டு வரவுசெலவு அறிக்கையையும், பாக்கிதாரர் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால் அழைப்பை மறுத்துவிடலாம். தந்தால் வீட்டுக்கு எடுத்துப்போய், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுங்கள். அதில் யார் வாக்குத் தவறாதவர், யார் அடுத்த ஆடிக்கும் பணம் தரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.