இடம் போதாத கீபோர்ட்

கேள்வி: நானே சோல்டர் பண்ணிய மெக்கானிக்கல் கீபோர்ட், உள்ளே புரோ மைக்ரோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. ரெங்கநாதன் விசையமைப்பின் தமிழ் எழுத்துகளைக் கியூஎம்கேயில் (கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருள், அதாவது ஃபேர்ம்வெயார்) சேர்த்தால் இடம் போதாது என்கிறது. – வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, பண்டாரவளையில் ஒரு மழை இரவு முழுக்க நானும் இதே வேலை பார்த்தவன்தான். பலகையின் 32 கேபி நினைவகத்தில், புது ஃபேர்ம்வெயாரை ஏற்றித் தரும் பூட்லோடருக்கு 4 போனால் மிச்சம் 28. ஆனால் சிக்கல் இடமல்ல. கீபோர்ட் எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணைத்தான் அனுப்பும். அதைக் 'க' ஆக்குவது கம்பியூட்டர். கியூஎம்கேயில் சேர்த்த யூனிகோட் தமிழ் எழுத்துகளைக் கழற்றிவிட்டு, ரெங்கநாதனை விண்டோஸில் போடுங்கள். ஃபேர்ம்வெயாரில் மொழி மாற்ற ஒரே விசை போதும்: விண்டோஸும் ஸ்பேஸும் சேர்ந்து, பெருவிரலுக்குக் கிட்ட. அப்படியும் நிரம்பினால் ஃபேர்ம்வெயாரைச் சுருக்கும் எல்டிஓவைத் திறந்து, பிழை தேட உதவும் கன்சோலை மூடுங்கள். கலர் லைட்டா? நானென்றால் முதலில் அதைத்தான் வெட்டுவேன். ஃபேர்ம்வெயாரை ஏற்றும்போது, பலகையின் ரீசெட் முனையைக் கிரவுண்ட் முனையோடு இருமுறை தொட்டபின் 8 விநாடிதான் அவகாசம்; அதை ஏற்றும் ஃபிளாஷ் கட்டளையை முன்பே ஓடவிடுங்கள்.